மாதங்களின் பெயரில் வீதிகள்: மதுரைத் திருவலம்

சித்திரைத் திருவிழாவில் அன்னை மீனாட்சியும் சொக்கநாதப் பெருமானும் தேரேறி வலம் வரும் வீதிகளுக்கு மாசி வீதிகள் என்று பெயர். சித்திரை வீதிகள் என்றே நான்கு வீதிகள் மதுரையில் உண்டு. அவை திருக்கோயில் மதிலை ஒட்டிச் சுற்றிலும் அமைந்துள்ளன. இருந்தும் சித்திரைத் தேர் அவற்றில் ஓடுவதில்லை. இரண்டு சுற்று தாண்டி, மாசி மாதத்தின் பெயரைத் தாங்கிய வீதிகளில்தான் ஓடுகிறது. ஊருக்குப் புதிதாக வரும் அன்பர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். மாதத்தின் பெயர் ஒன்றும் வீதியின் பெயர் வேறொன்றுமாக ஏன் அமைந்தன என்ற கேள்விக்கு விடை தேடினால், மதுரை என்னும் ஊரின் இயல்பே புலப்பட்டுவிடும்.

பல ஊர்களில் கோயில் ஊரின் ஒரு பகுதியாக இருக்கும். மதுரையிலோ ஊரே கோயிலின் பகுதியாக அமைந்தது. மதிலுக்குள் இருப்பவை மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே உள்ள வீதிகளும், வைகை ஆறும், அதற்கப்பால் விரிந்த சமவெளியும் இறைவன் உலா வரும் பிராகாரங்களே. இந்த உண்மையை மனத்திற்கொண்டு வருபவருக்கு மதுரை ஓர் ஊராகத் தெரியாது. ஒரே திருக்கோயிலாகவே தெரியும்.

நடுவில் ஒரு திருக்கோயில்

கிழக்கே அஷ்டசக்தி மண்டபத்தின் வழியே நுழைவது மரபு. அன்னையை முதலில் தரிசித்துப் பின்னரே சுவாமி சந்நிதிக்குச் செல்ல வேண்டும். சுந்தரேசுவரர் சந்நிதிக்கு வலப்புறத்தில் மீனாட்சியம்மன் சந்நிதி அமைந்திருக்கிறது. மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் தோன்றி, தடாதகை என்ற பெயருடன் முடிசூடி அரசாண்டவள் அன்னை. எண்திசையும் வென்று கயிலை சென்று, அங்கே தன் நாயகனைக் கண்டு நாணி நின்றவள். ஆகவே மதுரையில் அவள் அரசி; பெருமான் அவளை மணந்து சுந்தர பாண்டியனாக ஆட்சி ஏற்றவர். மீனாட்சியின் ஆட்சி என்று இன்றும் மக்கள் பேசுவது வெறும் உபசாரமன்று. சித்திரைத் திருவிழாவில் அன்னைக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. அன்று தொடங்கி நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமிக்குப் பட்டாபிஷேகம். எஞ்சிய எட்டு மாதமும் அவர் ஆட்சி. செங்கோல் கைமாறுவதை ஆண்டுதோறும் கண்ணாரக் காணும் ஊர் இது.

அன்னையின் சந்நிதிக்கு எதிரே பொற்றாமரைக்குளம். அதன் கரையில் நின்று தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து நோக்க வேண்டும். திருக்கோயில் கோபுரங்களுள் அதுவே உயர்ந்தது. ஏறத்தாழ 160 அடி. குளக்கரையிலிருந்து சுவாமி சந்நிதிக்குச் செல்லும் வழியில் முக்குறுணி விநாயகர் வீற்றிருக்கிறார். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்காக மண் எடுத்தபோது கிடைத்தவர் என்பது மரபு வழிச் செய்தி. விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் செய்த ஒரே கொழுக்கட்டை அவருக்கு நிவேதனமாகிறது.

சுவாமி கருவறையின் விமானத்தை எட்டு வெள்ளை யானைகளும், முப்பத்திரண்டு சிங்கங்களும், அறுபத்து நான்கு சிவகணங்களும் தாங்குகின்றன. அருகே வெள்ளியம்பலம். மற்றத் தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் கூத்தப்பிரான் இங்கு வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். ஆடற்கலை பயின்ற இராசசேகர பாண்டியன், ஓயாது ஒரே காலில் நிற்கும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்குமோ என்று வருந்தினான். அவனுக்காகப் பெருமான் கால் மாறி ஆடினார் என்கிறது திருவிளையாடல். பக்தன் ஒருவன் பட்ட மனவருத்தத்துக்காக இறைவன் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்ட தலம் இது. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

சுற்றுக்குள் சுற்று

திருக்கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அதற்கடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள். அதற்கும் வெளியே மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் அப்பால் வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு வீதிகள். தாமரையின் நடுப்பொகுட்டைச் சுற்றி இதழ்கள் அடுக்கடுக்காய் விரிவதுபோல ஊர் அமைந்திருக்கிறது. பண்டைய புலவர்களும் மதுரையைத் தாமரைக்கே ஒப்பிட்டனர். இன்று காணும் அமைப்பு பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் திருத்தமாக வகுக்கப்பட்டது.

பெயர்கள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. ஆடி முளைக்கொட்டுத் திருவிழாவில் அன்னை ஆடி வீதிகளில் வலம் வருகிறாள். ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் ஆவணி மூல வீதிகளில் எழுந்தருள்கின்றனர். அவ்வாறே மாசித் திருவிழாவின் உலா மாசி வீதிகளில் நடந்தது. ஊரின் வரைபடமே திருவிழாப் பஞ்சாங்கம்.

வெளி வீதிகளுக்கு அருகே ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840-களில் மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் அவற்றை அகற்றி ஊரை விரிவுபடுத்தினார். அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என நிலைத்துவிட்டன. பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணை இன்றும் கீழமாசி வீதிப் பகுதியில் காணலாம். அவருக்கு முன் ஆட்சியராக இருந்த ரௌஸ் பீட்டர், அன்னைக்குப் பொன்னாலான அங்கவடிகளை அளித்தார். குதிரை வாகனத்தில் எழுந்தருளும் அன்னையின் திருவடிகள் பொருந்தும் பாந்துகள் அவை.

மாசி வீதிகளை நிதானமாக வலம் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கீழமாசி வீதியில் தேரடியும், மளிகை மொத்த வணிகக் கடைகளும் அடுத்தடுத்து உள்ளன. மேலமாசி வீதிப் பகுதியில் இம்மையிலும் நன்மை தருவார் திருக்கோயில். ஆட்சி ஏற்கும் முன் சுந்தரேசுவரரே இலிங்கம் நிறுவிச் சிவபூசை செய்த தலம் இது. வழிபடுபவராய் இறைவன் அமர்ந்திருக்க, நமக்கு இலிங்கத்தின் பின்புறமே காட்சி கிடைக்கிறது. தெற்குமாசி வீதியில் தென்திருவாலவாயர், சிம்மக்கல்லில் பழைய சொக்கநாதர், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கூடலழகர் என வலம் வரும் வழியெல்லாம் சந்நிதிகளே. கூடலழகர் திருக்கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. அதன் அட்டாங்க விமானத்தில் வீற்றிருந்த, நின்ற, கிடந்த மூன்று திருக்கோலங்களிலும் பெருமாளைச் சேவிக்கலாம்.

மாசி சித்திரையானது

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது வரலாம். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசி மாதத்தில் நடந்தன. அழகர்கோயில் கள்ளழகர் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்க வைகைக்கு எழுந்தருளும் விழாவோ சித்திரைப் பௌர்ணமியில், சோழவந்தானை அடுத்த தேனூரில் நடந்துவந்தது. ஒன்று சைவ விழா. மற்றொன்று வைணவ விழா. இடமும் வேறு, காலமும் வேறு.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டையும் ஒன்றாக இணைத்தார். மாசி விழாவைச் சித்திரைக்கு மாற்றினார். அழகர் ஆற்றில் இறங்கும் இடத்தைத் தேனூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தார். மாசியில் அறுவடை வேலையில் இருக்கும் உழவர்கள், சித்திரையில் ஓய்வுடன் விழாவுக்கு வர இயலும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மாதம் மாறியது, தேர் ஓடும் வீதி மாறவில்லை. ஆதலால்தான் சித்திரைத் தேர் இன்றளவும் மாசி வீதிகளில் ஓடுகிறது. சைவரும் வைணவரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே விழாவில் கூட வேண்டும் என்பதற்காகப் பஞ்சாங்கமே வளைந்துகொடுத்த வரலாறு அந்த வீதியின் பெயரில் ஒளிந்திருக்கிறது.

விழா பன்னிரண்டு நாள். எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமான் தெய்வானையுடன் வருகிறார். கன்னிகாதானம் செய்து கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார். அன்னையின் கழுத்தில் மங்கலநாண் ஏறும் வேளையில், கூடியிருக்கும் சுமங்கலிப் பெண்கள் தங்கள் திருமாங்கல்யக் கயிற்றை மாற்றிக்கொள்வது வழக்கம்.

அதே நாட்களில் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்படுகிறார். பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெற்று, வழிநெடுகிலும் உள்ள மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருகிறார். தல்லாகுளத்தில் எதிர்சேவை. திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில், சித்திரைப் பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்குகிறார். தங்கையின் திருமணத்துக்குத் தாமதமாக வந்த அண்ணன் என்று மக்கள் அன்போடு கதை சொல்கிறார்கள். சர்க்கரை நிறைந்த செம்பில் சூடம் ஏற்றி நிற்பவர்களும், தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுபவர்களும், திரி ஏந்தி ஆடுபவர்களும் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பழைய நாளில் மாட்டுவண்டி கட்டிக் குடும்பத்தோடு வந்து ஆற்றுமணலில் தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

கதவு திறந்த நாள்

ஆற்றங்கரையில் எல்லாரும் கூடினர். ஆனால் திருக்கோயிலுக்குள் எல்லாரும் செல்ல முடியவில்லை. வீதிக்கு வந்து அருள் செய்த அன்னையை, அவள் இருப்பிடத்தில் சென்று காண ஒரு பகுதி மக்களுக்குத் தடை இருந்தது. மதுரையின் பெருமையைச் சொல்பவர்கள் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அந்தத் தடை நீங்கியது. வழக்கறிஞரும் ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவருமாகிய அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஐவரையும் நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். பின்னாளில் சென்னை மாநில அமைச்சராக விளங்கிய பி. கக்கன் அவர்களுள் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பு எழாமல் இல்லை. பட்டர்களில் சிலர் பணிக்கு வர மறுத்தனர். வைத்தியநாத ஐயர் தம் சுற்றத்தாரிடையே பெரும் பழியைச் சுமந்தார். அவர் பின்வாங்கவில்லை. அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜி அதே ஆண்டிலேயே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தார்.

எல்லாருக்கும் கதவு திறக்கும் வரை தாமும் உள்ளே செல்வதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946-இல் மதுரை வந்தபோது மீனாட்சி சந்நிதிக்குச் சென்று வழிபட்டார். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் இடுப்புத் துணி மட்டும் அணியும் கோலத்தை ஏற்றதும் இதே ஊரில், தேர் ஓடும் மேலமாசி வீதியிலுள்ள ஓர் இல்லத்தில்தான்.

பக்தனுக்காக இறைவன் கால் மாறி ஆடினார். குடிகளுக்காக மன்னர் மாதம் மாற்றி விழா நடத்தினார். இரண்டையும் கொண்டாடிய ஊர், விலக்கி வைத்த தன் மக்களுக்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ள 1939 வரை காத்திருந்தது. இன்று நெரிசலில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, யார் எவர் என்று கேளாமல் அன்னையைத் தரிசிக்கும் வரிசையே அந்த நாளின் பயன். அவ்வரிசையில் நிற்கும் நேரத்தை வீண் என்று எண்ணலாகாது.

சமவெளியெங்கும் சந்நிதிகள்

ஊர் எல்லையோடு திருவலம் முடிவதில்லை. தென்மேற்கே எட்டுக் கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம். அறுபடை வீடுகளுள் முதலாவது. தெய்வானையை முருகன் மணந்த தலம். மலையைக் குடைந்து அமைத்த கருவறை என்பதால், மூலவருக்குப் பதிலாக வேலுக்கே இங்கு அபிஷேகம்.

வடகிழக்கே ஒத்தக்கடையை அடுத்து, படுத்த யானை போல நீண்டு கிடப்பது யானைமலை. சொக்கநாதர் எய்த அம்பால் வீழ்ந்து கல்லான யானை என்பது திருவிளையாடல். அதன் அடிவாரத்து நரசிங்கத்தில் உள்ள குடைவரைக் கோயிலைப் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி தொடங்க, அவர் மறைவுக்குப் பின் தம்பி மாறன் எயினன் நிறைவு செய்தார். கி.பி. 770-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அங்கேயே உள்ளது. அதே மலையில் சமண முனிவர்களின் படுகைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன.

வடக்கே அழகர்மலையில் நூபுரகங்கைத் தீர்த்தம், மலைமேல் பழமுதிர்சோலை, அடிவாரத்தில் கள்ளழகர். அங்குப் பிரசாதமாகத் தரும் அழகர்கோயில் தோசையின் சுவை தனி. கிழக்கே மேலூர் வட்டத்தில் மாணிக்கவாசகர் அவதரித்த திருவாதவூர். ஆவணி மூலத்தில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடைபெறும்போது, மாணிக்கவாசகர் அங்கிருந்து மதுரைக்கு எழுந்தருள்கிறார். பாண்டிய மன்னராகத் திருப்பரங்குன்றத்து முருகன் வருகிறார். வைகையின் மேற்கரையோரம் சோழவந்தான் பக்கம் சென்றால் திருவேடகம். திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிக் கரை சேர்ந்த இடம். ஆற்றின் போக்கில் தென்கிழக்கே சென்றால் பாடல்பெற்ற தலமாகிய திருப்பூவணம். அதன் அருகே கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகள் வைகைக்கரை நாகரிகத்தின் தொன்மையைக் காட்டின. 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அங்குக் கிடைத்த பொருட்களைக் காணலாம்.

இத்தலங்களைத் தனித்தனிச் சுற்றுலா இடங்களாக எண்ண வேண்டாம். விழா நாட்களில் இங்குள்ள தெய்வங்கள் மதுரைக்கு வருகின்றன. மதுரைத் தெய்வங்கள் இவற்றுள் சிலவற்றுக்குச் செல்கின்றன. ஒரு குடும்பத்தின் உறவினர் வீடுகள் போன்றவை இவை.

காக்க வேண்டிய கடமை

ஊரே கோயில் என்றால், கோயிலுக்குரிய தூய்மையும் காவலும் ஊருக்கும் வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு, கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. நூற்றாண்டுகள் கண்ட கற்றூண்கள் வெப்பத்தில் வெடித்துச் சிதைந்தன. கடைகளை நெருக்கி வைத்தால் மண்டபம் என்ன ஆகும் என்பதை அந்த ஓர் இரவு காட்டியது. மண்டபத்தைப் புதுப்பிக்க நாமக்கல் மாவட்டத்துப் பட்டணம் குவாரியிலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டன. அன்னை உலா வரும் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் நெடுங்காலமாக இருந்த கடைகளும் பின்னர் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

துயரச் செய்தியோடு ஓர் ஆறுதலும் உண்டு. திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. தைப்பூசத் தெப்பத் திருவிழாவில் நீரில் மிதக்க வேண்டிய தெப்பம் தரையில் நிலையாக நின்ற ஆண்டுகள் உண்டு. வைகையிலிருந்து நீர் கொணரும் பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்ட பின், குளம் மீண்டும் நிறைந்தது. அன்னையும் சுவாமியும் நீர்மேல் மிதந்து நடுமண்டபத்தை வலம் வரும் காட்சியும் திரும்பியது. மனம் வைத்தால் மீட்க முடியும் என்பதற்கு அக்குளமே சான்று.

வைகைக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. ஆண்டின் பல மாதங்களில் ஆறு மணலும் புதருமாகக் கிடக்கிறது. அழகர் இறங்கும் நாளில் வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. அழகரின் பாதம் படும் ஆற்றில் ஒரு நெகிழிப் பையை வீசாதிருப்பதும் ஒரு நேர்த்திக்கடனே.

செல்லும் அன்பர்களுக்கு

மதுரைக்கு இரண்டு மணி நேர யாத்திரை போதாது. மூன்று நாட்களேனும் ஒதுக்குவது நன்று. முதல் நாள் திருக்கோயில், அடுத்த நாள் மாசி வீதித் திருவலமும் தெப்பக்குளமும், மூன்றாம் நாள் திருப்பரங்குன்றமும் அழகர்கோயிலும் என வகுத்துக்கொள்ளலாம். அதிகாலையில் தரிசனம் எளிது. நண்பகலுக்குப் பின் நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணியளவில் மீண்டும் திறக்கப்படும். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. சித்திரைத் திருவிழாவுக்குச் செல்வோர் தங்குமிடத்தை முன்னதாகவே உறுதி செய்துகொள்வது அவசியம். முதியோரையும் குழந்தைகளையும் ஆற்றுக்குள் நெரிசலில் அழைத்துச் செல்லாமல், மண்டகப்படி ஒன்றில் அமர்ந்து அழகரைச் சேவிக்கச் செய்வது நலம்.

மதுரையில் தங்கும் இரவுகளில் ஒன்றைப் பள்ளியறைப் பூசைக்காக வைத்துக்கொள்ளுங்கள். நடை சாத்தும் முன், சொக்கநாதரின் திருப்பாதங்கள் பல்லக்கில் ஏறி அன்னையின் சந்நிதிக்கு எழுந்தருள்கின்றன. மல்லிகை மணமும் நாதசுரமும் சூழ, அரசியின் இல்லம் நோக்கி அரசர் செல்லும் அந்தச் சிறிய உலாவில் பெருங்கூட்டம் இருக்காது. ஊரை வலம் வரும் தேரும், ஆற்றில் இறங்கும் குதிரையும், மலை கடந்து வரும் பல்லக்கும் சொல்வதையே அதுவும் சொல்கிறது: நாம் தேடிச் செல்லும் தெய்வம், நம்மைத் தேடியும் வருகிறது.